வெஸ்ட்மின்ஸ்டர் தரையை இரண்டடிச் சதுரத்தில் செய்து பார்த்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த கல் பலகையில் கிரௌட்டின் (கல் இடுக்குகளை அடைக்கும் கலவை) கடைசிப் படலத்தைத் துடைத்துவிட்டு, நீள இரும்பு ஸ்கேலை மேலே குறுக்காக நிறுத்திக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அடியில் அரை மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியவில்லை. ஐந்து மாத வார இறுதிகள், ஒரு முழுப் பலகை வீண், அதற்குப் பிறகு இது. கை ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் எந்தத் துண்டை எந்த வரிசையில் வெட்டினேன் என்பது இன்னும் பத்து நாளில் மறந்துவிடும்.

செய்தது என்னவென்றால், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பழைய தேவாலயத்தில் முதன்மைப் பலிபீடத்தின் முன்னால் இருக்கும் கல் தரையின் நடு அமைப்பைப் போல, 600 மி.மீ. சதுரத்தில் ஒரு பலகை. அசல் தரை 1268-ஆம் ஆண்டு வேலை. ஒரு பக்கம் 7 மீட்டர் 58 சென்டிமீட்டர். மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்தில் அங்கிருந்த மடத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் வேர் இத்தாலிக்குப் போய் இந்த வகைத் தரைகளைப் பார்த்திருக்கிறார், ரோமிலிருந்து கல்லும் வேலைக்காரர்களும் வந்தார்கள், தலைமைக் கொத்தனார் பெயர் ஓடோரிகஸ். இத்தாலியில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த குடும்பங்களில் ஒன்றின் பெயரால் இதைக் கொஸ்மாட்டி வேலை என்கிறார்கள். நெடுங்காலம் கம்பளத்துக்கு அடியில் கிடந்த தரை இது. 2008 முதல் 2010 வரை சுத்தம் செய்து பழுதுபார்த்துத் திறந்து வைத்தார்கள். 2023-ல் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியபோது நாற்காலி போட்டது இதன் மேல்தான்.

நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். கயிற்றுக்கு வெளியே நின்று ஓரத்திலிருந்துதான் பார்க்க முடியும். முதல் தடவை நிறம் மட்டும்தான் கண்ணில் நின்றது. இரண்டாம் தடவை நடு வட்டத்தைச் சுற்றியிருக்கும் நான்கு சிறு அமைப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்று வட்டம், ஒன்று அறுகோணம், ஒன்று எழுகோணம், ஒன்று எண்கோணம். தூரத்தில் பார்த்தால் நாலும் ஒன்று போலத்தான் இருக்கும். அறுகோணத்தைக் கவராயம் தெரிந்த பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும், எண்கோணம் அதற்கு அடுத்தபடி. ஆனால் எழுகோணம் கவராயத்துக்கும் ஸ்கேலுக்கும் துல்லியமாக அடங்காது. வசதிக்காகவோ அழகுக்காகவோ வேலை செய்கிற ஒருவர் அதைத் தொடவே மாட்டார். வேண்டும் என்று வைத்தால்தான் அது அங்கே இருக்கும். அந்த எண்ணம் வந்த அன்றுதான் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

முதல் வேலை படம். பழுப்புக் காகிதச் சுருளில் முழு அளவில் வரைந்தேன், முதலிலேயே தவறு. வெளிச் சதுரத்தில் தொடங்கினேன், 600 மி.மீ., அதற்குள் 40 மி.மீ. கரை, அதற்குள் வட்டங்கள் என்று உள்ளே வந்தேன். மூலை வட்டங்கள் மூன்று நடு வட்டத்தைத் தொட்டன, நான்காவது தொடவில்லை. மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 846, மற்றது 851. இரண்டும் 848½ இருந்திருக்க வேண்டும். சதுரம் கோணிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், ஆனால் அந்தக் கோணல் முழுக்க நடுவில் வந்து குவிந்துவிட்டது. காகிதத்தை மாற்றி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதன் வழியே செங்குத்தாக இரண்டு கோடு போட்டு, அங்கிருந்து வெளியே போனேன். ஒரே மாலையில் முடிந்தது. நடு வட்டம் 290 மி.மீ. விட்டம், மூலை வட்டங்கள் 140, எல்லாவற்றையும் சுற்றி ஓடும் பட்டை 22 மி.மீ. அகலம். அசல் தரையில் நடு வட்டத்தைச் சுற்றிய வாசகம், இந்த உருண்டை பேருலகின் மூல வடிவத்தைக் காட்டுகிறது என்று சொல்கிறது. நடுவிலிருந்து தொடங்கினால்தான் மற்றது எல்லாம் தன் இடத்தில் விழும் என்பதைக் காகிதத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாசகத்தைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

அடுத்தது கல். அசலில் இருப்பவை போர்ஃபிரி என்ற கடினமான ஊதா எரிமலைக் கல், பச்சைக் கல், மஞ்சள் சுண்ணாம்புக்கல், நடுவில் மேகம் போலக் கோடு ஓடும் ஓனிக்ஸ், இடையிடையே சிவப்பு, நீலம், நீலப்பச்சை, நீலம் கலந்த வெள்ளைக் கண்ணாடித் துண்டுகள். இவையெல்லாம் பதிந்திருப்பது பர்பெக் மார்பிள் என்ற கருஞ்சாம்பல் சுண்ணாம்புக்கல்லில், அது தெற்கு இங்கிலாந்தின் டோர்செட் பகுதிக் கல். இத்தாலியில் இந்த இடத்தில் வெள்ளை மார்பிள் வரும். இங்கே கருமை வந்ததால் நிறங்கள் எல்லாம் இன்னும் ஆழமாகத் தெரிகின்றன.

கருமைக்கு நான் எடுத்தது கடப்பா கல். ஆமாம், நம் வீட்டுச் சமையலறை மேடையிலும் பரணிலும் போடும் அதே கடப்பா. இங்கே கட்டடச் சாமான் கடைகளில் கறுப்புச் சுண்ணாம்புக்கல் என்று விற்கிறார்கள். 12 மி.மீ. கனத்தில் மிச்சம் கிடந்த ஒரு பெட்டியை 10 பவுண்டுக்குத் தந்தார்கள். அதுவும் பர்பெக்கும் சுண்ணாம்புக்கல்தான் என்பதால் பொருத்தமும் சரியாக இருந்தது. பச்சைக்கு ராஜஸ்தான் பச்சை மார்பிள் டைல், மஞ்சளுக்கு ஜெய்சல்மேர் கல், சிவப்புக்கு ஸ்பானிய மார்பிள், எல்லாம் உடைந்த பெட்டிகளிலிருந்து பொறுக்கியது, மொத்தம் 28 பவுண்டு. ஓனிக்ஸுக்குத்தான் அலைந்தேன். கடைசியில் ஒரு தர்மக் கடையில் பானக் கோப்பை வைக்கும் ஓனிக்ஸ் தட்டு ஒன்று கிடைத்தது, 4 பவுண்டு, 128 மி.மீ. வட்டம், பால் நிறத்தில் தேன் கோடுகள். அதைத் தேய்க்கக்கூட இல்லை, அப்படியே நடுவில் வைத்துவிட்டேன்.

போர்ஃபிரியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும். பழைய ஊதா போர்ஃபிரி எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஒரே மலைப் பகுதியிலிருந்து வந்தது. ரோமப் பேரரசர்களின் கல். அந்தச் சுரங்கம் ஓய்ந்து பல நூற்றாண்டு கழித்துத்தான் ரோமில் கொஸ்மாட்டி வேலை நடந்தது, அதனால் அவர்கள் இடிந்து கிடந்த பழைய கட்டடங்களின் தூண்களை எடுத்து வாழைத்தண்டு நறுக்குவது போலக் குறுக்கே வட்டம் வட்டமாக அறுத்தார்கள். பேரரசரின் தூண் தேவாலயத்தில் காலடிக் கல்லானது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லாத குறியீடு இது என்று நினைக்கிறேன்.

எனக்கு எகிப்துக் கல் ஏது. இத்தாலியின் ட்ரெண்டினோ பகுதியிலிருந்து வரும், தெருவில் பாவும் போர்ஃபிரிக் கட்டிகள் கிடைக்கும், சிவப்புக் கலந்த ஊதா, 100 மி.மீ. கன சதுரம், ஒன்று 3 பவுண்டு, இரண்டு வாங்கினேன். என்னிடம் இருப்பது பழையதாக 45 பவுண்டுக்கு வாங்கிய மேசை வகை டைல் அறுப்பான், தண்ணீர்த் தொட்டியில் நனைந்து சுற்றும் 180 மி.மீ. வைர பிளேடு. அது மேசைக்கு மேலே 34 மி.மீ.தான் நிற்கும். கட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அறுத்தாலும் நடுவில் 32 மி.மீ. அறுபடாமல் நிற்கிறது. அதை உளி வைத்துத் தட்டிப் பிரித்து, முனைத்திருக்கும் குமிழைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க, காலை ஒன்பதிலிருந்து வெளிச்சம் போகும் வரை, ஐந்து நல்ல தகடுகள் கிடைத்தன, இரண்டு உடைந்தன. மார்பிளில் ஒரு வெட்டு 20 விநாடி என்றால் இதில் மூன்று நிமிடம், கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்தினால் பிளேடு சூடேறி ஓரம் மழுங்கிவிடும். 16 பவுண்டு பிளேடு ஒன்று அன்றோடு போயிற்று. அந்தக் காலத்தில் பல்லில்லாத இரும்புத் தகடும் மணலும் தண்ணீரும் வைத்து இழுத்து இழுத்து அறுத்திருக்கிறார்கள். அபேயில் ஒரு ஊதாத் துண்டைப் பார்த்தால் இப்போது எனக்கு அதன் நாலு விளிம்பும்தான் முதலில் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு தண்ணீர் விட்டு அறுத்தாலும் நல்ல முகமூடி கட்டாயம், கல் தூசி நுரையீரலுக்கு மிகக் கெட்டது. தரையில் காயும் சேற்றைப் பெருக்கவும் கூடாது, ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுங்கள்.

அப்புறம் பட்டை. இந்த வகைத் தரையின் உயிர் அதுதான். நடு வட்டத்தைச் சுற்றுகிற பட்டை பிரிந்து போய் மூலை வட்டத்தைச் சுற்றி மறுபடி நடுவுக்கு வரும், எங்கேயும் முடிவு இருக்காது. நான் முதலில் கடப்பாவில் வளைவுத் துண்டுகளாகவே அறுக்கப் பார்த்தேன், கையில் பிடிக்கும் 115 மி.மீ. கிரைண்டரால். எட்டு வளைவு வெட்டினேன், ஆறு உடைந்தது. கடப்பா படலம் படலமாக இருக்கும் கல், வளைவின் மெல்லிய இடத்தில் பிளேடு கொஞ்சம் திரும்பினாலும் ஏடு பெயர்ந்துவிடுகிறது. இரண்டு வார இறுதி இதில் போனது.

வழி வேறு இடத்தில் இருந்தது. மூலை வட்டத்தைச் சுற்றி 24 சிறு துண்டுகள், ஒவ்வொன்றும் 15 டிகிரி, உள்பக்கம் 17½ மி.மீ., வெளிப்பக்கம் 23, இடையில் 1 மி.மீ. கிரௌட்டுக்கு. எல்லாம் நேர் வெட்டு. தள்ளி நின்று பார்த்தால் வளைவாகத்தான் தெரிகிறது. நடு வட்டத்துக்கு 48 துண்டு. வட்டங்கள் ஒட்டும் நாலு இடத்தில் துண்டு பொது. ஆக 140. ஒட்டுப்பலகையில் மூலை வட்டத்துக்கு 7½ டிகிரி, நடு வட்டத்துக்கு அதில் பாதி சாய்வாகத் தாங்கி செய்து, கடப்பாப் பட்டையை ஒவ்வொரு வெட்டுக்கும் குப்புறப் புரட்டிப் புரட்டி வைத்தால் துண்டுகள் தானாக விழுகின்றன, இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் முடிந்தது.

அடுக்கிப் பார்க்கும்போதுதான் ஒன்று புரிந்தது. அந்த நாலு பொதுத் துண்டுகள் சரியாக உட்காராமல் எந்த வட்டத்தையும் மூட முடியாது. ஒரு மூலையில் அரை மி.மீ. தள்ளினால் எதிர் மூலையில் இடைவெளி திறக்கிறது. ஒரு வட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்ற பேச்சே இல்லை, ஐந்தையும் சேர்த்தே வளர்க்கவேண்டும். நாலு வட்டங்களை நான்கு பூதங்கள் என்றும் நான்கு பருவங்கள் என்றும் படிப்பார்கள். எப்படிப் படித்தாலும் அவை நடுவோடு ஒரே இழையில் கட்டுண்டவை. வெறும் பேச்சாக இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ரப்பர் சுத்தியோடு மண்டியிட்டு எதிர் மூலையில் விரிசல் திறப்பதைப் பார்த்தபோது சிலிர்த்தது.

மூலை வட்டம் ஒன்று, அதாவது உண்மையான வட்டமாக இருப்பது, அதற்குள் முக்கோணத்துக்குள் முக்கோணம் வைத்தேன். இது ரோம் பக்கத்துக் கொஸ்மாட்டித் தரைகளில் வரும் அமைப்பு. பெரிய முக்கோணத்தின் நடுவில் ஒரு தலைகீழ் முக்கோணம் வைத்தால் சுற்றிலும் மூன்று நேர் முக்கோணம் கிடைக்கும், அந்த மூன்றிலும் அதையே செய்தால் ஒன்பது, மறுபடி செய்தால் 27. பெரியதின் பக்கம் 121 மி.மீ., கடைசி வரிசை 15 மி.மீ.தான். இந்த 27-ஐப் போர்ஃபிரியில் வெட்டினேன். முதலில் பிளேடு தின்னும் 1.6 மி.மீ.யைக் கணக்கில் சேர்க்க மறந்து இருபது துண்டு 13 மி.மீ.யாகப் போயிற்று. திரும்ப, 12½ மி.மீ. உயரப் பட்டை அறுத்து, 60 டிகிரித் தாங்கியில் வைத்து மாற்றி மாற்றி வெட்டினேன். இவ்வளவு சிறிய துண்டை விரலால் பிடித்து அறுக்கவே கூடாது. பட்டையை ஒரு நீளக் கட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டி, கட்டையோடு சேர்த்து அறுத்தேன்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அபே தரையின் கல்வெட்டுக் கணக்கு ஞாபகம் வந்தது. பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள், இன்று சில எழுத்துகளே மிச்சம், வாசகம் பழைய பதிவுகளில் இருக்கிறது. படிப்பவர் இங்கே வைத்திருப்பதையெல்லாம் நிதானமாகப் புரட்டிப் பார்த்தால் உலகின் முடிவைக் கண்டுபிடிப்பார் என்கிறது. வேலிக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதிலிருந்து நாய், குதிரை, மனிதன், கலைமான், அண்டங்காக்கை, கழுகு, திமிங்கிலம், உலகம், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல மூன்று மடங்கு. 3, 9, 27, 81, 243, 729, 2187, 6561, கடைசியில் 19,683 ஆண்டு. தரை போட்ட ஆண்டைக்கூட நேராகச் சொல்லாமல் 1212-ஐயும் 60-ஐயும் கூட்டி நாலைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது.

என் கையில் இருந்தது அதே மும்மடங்கு. 3 வேலி, 9 நாய், 27 குதிரை. அடுத்த வரிசை மனிதனுடைய 81, அதற்குத் துண்டின் பக்கம் 7½ மி.மீ., என் பிளேடில் அது தூளாகிவிடும். கலைமானுக்கு 3.8 மி.மீ. முக்கோணத்தையும் கல்வெட்டையும் ஓடோரிகஸ் சேர்த்து நினைத்தார் என்று நான் சொல்லவரவில்லை, இது என் மேசையில் நடந்த சந்திப்பு. ஆனால் மூன்று மடங்கு என்பது எவ்வளவு வேகமாகக் கையை விட்டுப் போகிறது என்று ஒவ்வொரு துண்டாக வெட்டியவனுக்கு அந்த வரிசையில் கடைசியாக வரும் உலகம் ரொம்பத் தூரத்தில் தெரியும். அதைத்தான் படிப்பவருக்கு உணர்த்த நினைத்திருப்பார்கள்.

எழுகோணத்துக்கு வருகிறேன். கவராயத்தால் கிட்டத்தட்டச் சரியாகப் போட ஒரு பழைய வழி உண்டு. வட்டத்தின் ஆரத்தையே பக்கமாக வைத்துச் சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் உயரத்தை எடுத்து வட்டத்தில் ஏழு முறை நடத்தவேண்டும். என் ஆரம் 70, உயரம் 60.6 மி.மீ. ஆறு பக்கம் நடத்திவிட்டு ஏழாவதை அளந்தால் 61½. கிட்டத்தட்ட 1 மி.மீ. மிச்சம். காகிதத்தில் அது ஒரு கோட்டின் தடிமன், கல்லில் அது ஒரு இணைப்பின் முழு அகலம். அந்தத் தவறை ஒரே இடத்தில் விடாமல் ஏழு இணைப்புகளிலும் பங்கு போட்டேன். உச்சிக் கோணம் 51.43 டிகிரி, என் தாங்கி 51½ என்று வைத்தேன், அதுவும் கிரௌட்டில் மறைந்துவிட்டது. சிவப்பு மார்பிளில் ஏழு முக்கோணம், மூன்று தடவை வெட்டித்தான் சரியாக வந்தது. அறுகோணத்துக்கு அரை மணி, எண்கோணத்துக்கு ஒரு மணி, இதற்கு மட்டும் ஒரு நாள்.

அக்காலக் கிறித்தவ மரபில் ஆறு என்பது படைப்பின் ஆறு நாள், ஏழு என்பது ஓய்வு நாளும் சேர்ந்த முழு வாரம், சூரியனையும் சந்திரனையும் சேர்த்து எண்ணிய ஏழு கிரகங்கள். எட்டு என்பது வாரம் தாண்டிய நாள், உயிர்த்தெழுதல், அதனால்தான் ஞானஸ்நானத் தொட்டிகளை எட்டுப் பக்கமாகச் செய்தார்கள். இதற்குத்தான் இந்த வடிவம் என்று அந்தக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழை விட்டுவிடாமல், கருவிக்கு அடங்காது என்று தெரிந்தும் ஒருவர் கல்லில் வெட்டியிருக்கிறார் என்றால், அந்த ஏழு அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது.

இனி ஒட்டுதல், பெரிய தோல்வி இங்கேதான். 12 மி.மீ. சிமெண்டுப் பலகை மேல் சாதாரண வெள்ளைச் சிமெண்டு டைல் பசை தடவி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பதித்தேன். கண்ணாடி 6 மி.மீ., பச்சை 8, மார்பிள் 10, கடப்பா 12, எனவே அடியில் பசையைக் கூட்டிக் குறைத்தும் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக 3 மி.மீ. வரை வித்தியாசம். அதையாவது தேய்த்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கரையில் வைத்த பச்சை நீளத் துண்டுகள், 300 மி.மீ. நீளம், இரண்டு முனையும் மேலே எழுந்து படகு போல நின்றன, முனையில் 1½ மி.மீ. பசையில் குறையா, பலகை ஈரம் இழுத்ததா என்று ஒரு வாரம் குழம்பினேன்.

எங்கள் தெருவில் முப்பது வருடமாக டைல்ஸ் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அழைத்து வந்து காட்டினேன். குனிந்து விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, “தம்பி, உந்தப் பச்சை தண்ணி குடிக்கும். குடிச்சால் நெளியும். உதுக்குச் சீமெந்துப் பசை சரிவராது” என்றார். பச்சை மார்பிள் என்று விற்கும் பலவற்றில் பாம்புத்தோல் போல ஓடும் செர்பென்டைன் என்ற கனிமம் அடியில் மட்டும் ஈரம் ஏறும்போது கல்லை வளைத்துவிடுகிறது. டைல் ஒட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம், எனக்குத் தெரியவில்லை. “பின்பக்கம் எபொக்சி பூசி, காயுறதுக்கு முதல் மணல் தூவி விடுங்கோ. பிறகு எந்தப் பசையெண்டாலும் பிடிக்கும்.” எபொக்சி என்பது தண்ணீர் புகாமல் இறுகும் ரெசின் பசை. அதோடு நீளத் துண்டே வேண்டாம், 100 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

முதல் பலகையிலிருந்து உளியால் கல்லைப் பெயர்த்தேன். மூலை வட்டங்கள் பெரும்பாலும் தப்பின, கடப்பாவில் முப்பது துண்டு உடைந்தது, மஞ்சள் பாதிக்கு மேல் போயிற்று. ஓனிக்ஸ் தட்டைப் பெயர்க்க மெல்லிய கம்பியை அடியில் விட்டு இரண்டு மணி நேரம் இழுத்தேன், அது முழுசாக வந்தது.

இரண்டாவது தடவை குப்புற வைக்கும் முறை. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி வரைந்து, அதன் மேல் மைதாப் பசை தடவி, துண்டுகளை முகம் கீழே இருக்க ஒட்டினேன். சுற்றிலும் மரச் சட்டம். கனம் கூடக் குறைய இருப்பதெல்லாம் இப்போது முதுகுப் பக்கம் போய்விடும், முகம் ஒரே மட்டம். பச்சைத் துண்டுகளுக்கு மட்டும் முன்கூட்டியே எபாக்ஸியும் மணலும். பசையை இரண்டு தடவையாகப் போட்டு மட்டப்படுத்தி, மேலே சிமெண்டுப் பலகையை அழுத்தி, 20 கிலோ பசை மூட்டையையே பாரமாக வைத்து மூன்று நாள் விட்டேன். திருப்பிக் காகிதத்தை வெந்நீரில் நனைத்து உரித்தபோது மாலை நாலரை மணி, ஷெட்டில் விளக்கு போட்டிருந்தேன், முதலில் தெரிந்தது அந்த ஓனிக்ஸ். சுற்றிலும் எல்லாம் பசை படிந்து மங்கலாக இருக்க அது மட்டும் ஈரத்தில் மின்னியது. உரித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன், படத்தை மாற்றி வரையும்போது எழுகோணத்தையும் எண்கோணத்தையும் மட்டும் மாற்ற மறந்திருக்கிறேன், நான் நினைத்த மூலைகளில் அவை இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கிரௌட்டில் ஒரு தவறு நிரந்தரமாக நிற்கிறது. ஜெய்சல்மேர் மஞ்சள் துளையுள்ள கல், கிரௌட்டுக்கு முன்னால் சீலர் (துளைகளை மூடும் பூச்சு) அடித்திருக்கவேண்டும். நான் கருஞ்சாம்பல் கிரௌட்டை நேராகத் தேய்த்துவிட்டேன். மஞ்சள் துண்டுகளின் விளிம்பெல்லாம் புகை பிடித்தது போல ஆகிவிட்டது. பாதி பலகையில் இதைக் கண்டு நிறுத்தி, மீதிக்குச் சீலர் அடித்துக் காயவிட்டுத் தொடர்ந்தேன், அதனால் வலது பாதி மஞ்சள் பளிச்சென்றும் இடது பாதி மங்கலாகவும் இருக்கிறது. பிறகு ஈர மெருகு வட்டுகள், சொரசொரப்பான 50-ஆம் எண்ணில் தொடங்கி மிருதுவான 800-ஆம் எண் வரை. அதற்கு மேல் போனால் கடப்பா ஒரு மாதிரியும் போர்ஃபிரி ஒரு மாதிரியும் மின்னும், தரைக்கு அது பொருந்தவில்லை. மெருகு முடிந்ததும் மொத்தத்துக்கும் சீலர் அடித்தேன், கடப்பாவில் எலுமிச்சையோ புளியோ பட்டால் வெளுக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

செலவு மொத்தம் 224 பவுண்டு. அறுப்பான் 45, பிளேடு இரண்டு 32, எபாக்ஸி 24, மெருகு வட்டுகள் 19, பலகை இரண்டு 18, பசை 17, சீலர் 15, கிரௌட் 6, மீதி கல். முதல் பலகை தோற்காமல் இருந்தால் 190-க்குள் முடிந்திருக்கும். எடை 17 கிலோ.

அடுத்த முறை கல்லெல்லாம் 10 மி.மீ. கனத்திலேயே வாங்குவேன், மஞ்சளுக்கு வெட்டியவுடனேயே சீலர் அடிப்பேன், போர்ஃபிரியைக் கட்டியாக வாங்காமல் அறுத்த தகடாகத் தேடுவேன். நடு வளையத்தில் நான் போட்ட இரண்டு வரிசை முக்கோணம் சுமார்தான், அவசரத்தில் ஒரே அமைப்பைத் திரும்பச் செய்துவிட்டேன். அசலில் இரண்டு வட்டங்கள் ஒன்று போல இருக்காது, நிரப்பும் கோலமும் ஒவ்வொன்றிலும் வேறு. அதைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

ரிச்சர்ட் வேர் அந்தத் தரையின் வடக்கு ஓரத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ரோமிலிருந்து தான் சுமந்து வந்த கற்களை இப்போது இங்கே தானே சுமக்கிறார் என்று அவர் கல்லறை வாசகம் சொல்கிறது. பலகையை ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம், வாசல்படியில் ஒரு நிமிடம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். இப்போது கூடத்தில், ஜன்னலுக்குக் கீழே, தரையோடு தரையாக இருக்கிறது. காலை வெயில் முதலில் எழுகோணத்தில் விழுகிறது, ஏழு இணைப்பில் எது அகலம் என்று எனக்கு இன்னும் கண்டுபிடிக்க முடிகிறது.